அளவுகோலில் அடங்காத ஆசிரியர்

பல்கலைக்கழகத்தை எவ்வாறு நடத்த வேண்டும் என்று வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் வகுத்துரைப்பதும், ஒரு நிறுவனத்தின் எண்களை மற்றொன்றின் எண்களோடு ஒப்பிட்டு முடிவெடுப்பதும் நம் காலத்துப் புதுமைகள் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் இந்த வழக்கத்துக்கு நூறாண்டுக்கும் மேல் வயதாகிறது. அது முளைவிட்ட காலத்திலேயே அதன் இயல்பைக் கூர்ந்து ஆராய்ந்தவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன். பகட்டுக்காகச் செலவிடுதல் என்ற கருத்தை வழங்கியவர் என்ற அளவில் பொருளியல் மாணவர்கள் அவரை அறிவர். உயர்கல்வி குறித்து அவர் எழுதியது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

நார்வேயிலிருந்து குடியேறிய உழவர் குடும்பத்தில், விஸ்கான்சின் மாநிலத்தில் 1857-ஆம் ஆண்டு பிறந்தார் வெப்லன். பன்னிரண்டு பிள்ளைகளுள் ஆறாமவர். கார்ல்டன் கல்லூரியில் பட்டம் பெற்று, 1884-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவரானார். ஆயினும் அவருக்கு எந்தக் கல்லூரியும் வேலை தரவில்லை. ஏறத்தாழ ஏழாண்டுகள் பண்ணை வீட்டில் படித்தபடியே கழித்தார். 1891-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தபோது, அங்கிருந்த பேராசிரியர் லாரன்ஸ் லாஃப்லின் அவருடைய திறனை உணர்ந்தார். அடுத்த ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்ற லாஃப்லின், வெப்லனையும் உடன் அழைத்துச் சென்றார். ஏழாண்டு இடைவெளியுள்ள ஒரு விண்ணப்பம் இன்றைய மதிப்பெண் முறையில் முதற்கட்டத்தையேனும் தாண்டியிருக்குமா என்பது ஐயமே.

ராக்கெஃபெல்லரின் கொடையால் எழுந்த சிகாகோ பல்கலைக்கழகத்தை, அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் பெரும் வேகத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார். கட்டடங்களும் துறைகளும் விளம்பரமும் ஒருசேரப் பெருகுவதை வெப்லன் உள்ளிருந்து கண்டார். அங்குதான் 1899-இல் அவருக்குப் புகழ் தேடித்தந்த ‘ஓய்வு வகுப்பாரின் கோட்பாடு’ வெளிவந்தது. அதன் பிறகும் அவர் பெற்ற பதவி உதவிப் பேராசிரியர் என்பதுதான்.

அதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவதற்காக ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்த ஓய்வூதியத்தைப் பெற விரும்பிய கல்லூரிகள், மாணவர் சேர்க்கையை அலகுகளில் கணக்கிடும் முறையை ஏற்க வேண்டியிருந்தது. சட்டம் எதுவுமின்றி, பணத்தின் வழியாகவே ஒரு பொது அளவுகோல் நாடெங்கும் பரவியது. 1910-இல் கார்னகி அறக்கட்டளை, தொழிற்சாலை நிர்வாகத்தில் புகழ்பெற்ற ஃபிரெடரிக் டெய்லரின் சீடரும் பொறியாளருமான மோரிஸ் குக்கின் ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஹார்வர்டு, கொலம்பியா, பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு நிறுவனங்களின் இயற்பியல் துறைகளை அவர் ஆராய்ந்திருந்தார். ஒரு மாணவர் ஒரு மணி நேரம் பெறும் கல்வியை அலகாகக் கொண்டு, அதற்கான செலவைக் கணக்கிட்டு ஒப்பிட்டார். இன்றைய ஆலோசனை அறிக்கைகளுக்கு முன்னோடி என்று அதைக் கூறலாம்.

சிகாகோவிலிருந்து 1906-இல் ஸ்டான்ஃபோர்டுக்கும், 1911-இல் மிசௌரிக்கும் இடம்பெயர்ந்தார் வெப்லன். இந்த இடமாற்றங்களுக்கு அவருடைய கருத்துகளைவிடக் குடும்ப வாழ்க்கையின் சிக்கல்களே பெரிய காரணம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வகுப்பில் அவர் முணுமுணுப்பது போலவே பேசுவார். பெரும்பாலான மாணவர்களுக்கு ஒரே தர மதிப்பெண்ணை வழங்குவார். அவரிடம் சேர்ந்தவர்களும் சிலரே. எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் அவர் கடைசி இடத்தில்தான் இருந்திருப்பார்.

சிகாகோ நாள்களிலேயே எழுதத் தொடங்கிய ‘அமெரிக்காவில் உயர்கல்வி’ என்ற நூலை அவர் 1918-இல் வெளியிட்டார். பல்கலைக்கழக ஆட்சிக் குழுக்கள் சமயகுருமார்களின் கையிலிருந்து வணிகர்களின் கைக்கு மாறிவிட்டன என்பது அவருடைய கணிப்பு. வணிகர் அறிந்த கணக்கு வரவும் செலவும். அக்கணக்கில் கல்வியைக் கொண்டுவர வேண்டுமானால், கல்வி எண்ணத்தக்க துண்டுகளாக வேண்டும். பிறகு ஒரே தெருவில் கடை விரித்தவர்களைப் போலப் பல்கலைக்கழகங்கள் போட்டியிடும். கண்ணுக்குத் தெரிவது வளரும். பயன் கருதாத அறிவுத் தேடல் ஓரத்துக்குத் தள்ளப்படும். இதுவே அவருடைய வாதத்தின் சாரம்.

அவர் சொன்ன தீர்வு கடுமையானது. ஆட்சிக் குழுவும் தலைவர் பதவியும் அடியோடு ஒழிய வேண்டும் என்றார். அதில் எனக்கு உடன்பாடில்லை. மக்கள் வரிப்பணம் பெறும் நிறுவனம் மக்களுக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். வெப்லனும் எண்களின் எதிரி அல்லர். அவரிடம் பயின்ற வெஸ்லி மிட்செல்தான் 1920-இல் அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வு அமைப்பை நிறுவியவர்களுள் முதன்மையானவர். புள்ளிவிவரங்களை முறையாகத் திரட்டுவதே அதன் பணி. அறிவதற்காகத் திரட்டும் எண் ஒன்று. ஆள்வதற்காகத் திணிக்கும் எண் வேறு. ஓர் அளவீடு இலக்காக மாறும்போது அது நல்ல அளவீடாக நீடிப்பதில்லை என்பதைப் பின்னாளில் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் எடுத்துக்காட்டினார்.

நம் நாட்டில் தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு 2015-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் முதல் பட்டியல் வந்தது. ஆசிரியர்–மாணவர் விகிதம் போன்ற செய்திகள் பொதுவெளிக்கு வந்தது நன்மையே. ஆனால், தரவுகளில் பெரும்பகுதியை நிறுவனங்களே அளிக்கின்றன. எனவே, தரவை அளிக்கும் கலையே ஒரு தொழிலாகிவிட்டது. நான் பணியாற்றிய கல்லூரியில் என் கடைசி ஆண்டுகளில், பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசியதைவிடப் படிவங்களைப் பற்றிப் பேசிய துறைக் கூட்டங்களே அதிகம். வெளி ஆலோசகர் எந்தத் தலைப்புக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை நன்கு அறிந்திருந்தார். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவி இரண்டாம் பருவத்தில் ஏன் வருவதை நிறுத்தினாள் என்பது அவருடைய படிவத்தில் இல்லை. அதை அறிந்திருந்தவர் தற்காலிக ஊதியத்தில் பணிபுரிந்த இளம் விரிவுரையாளர்.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஆலோசகர்களுக்குக் கொடுக்கும் தொகையைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும். அதே பக்கத்தில் நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். ஆலோசகரின் பரிந்துரை எதுவாயினும் கல்விக் குழுவில் ஆசிரியர்கள் விவாதித்த பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும். இவை வெப்லன் கேட்டதைவிட மிகச் சிறியவை, இன்றே செய்யக்கூடியவை.

1919-இல் நியூயார்க்கில் புதிதாகத் தொடங்கப்பட்ட கல்வி நிறுவனத்தில் சில ஆண்டுகள் கற்பித்த வெப்லன், பின்னர் கலிபோர்னியாவுக்குத் திரும்பினார். 1929 ஆகஸ்ட் 3 அன்று மென்லோ பார்க் அருகே தம் எளிய வீட்டில் காலமானார். இரண்டு மாதங்களுக்குப் பிறகு, அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது.