விண்மீனுக்கு எல்லை வகுத்த தமிழர்

வானம் பார்த்த பூமி எங்களுடையது. மழைக்காகவே அண்ணாந்து பார்த்துப் பழகிய எனக்கு விண்மீன்களையும் காணக் கற்றுத் தந்தது சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கை. முதற்பருவத் தேர்வில் இயக்கவியல் தாளில் தோற்று, சோமனூருக்குத் தறி ஓட்டப் போய்விடலாமா என்று எண்ணியிருந்த நாளில், நூலகத்தில் அவரைச் சந்தித்தேன்.

1910 அக்டோபர் 19இல் லாகூரில் பிறந்தார், சர் சி. வி. இராமனின் தமையனார் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்திலேயே ஒரு கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறு மீனாகிறது. ஈர்ப்பு அதை நசுக்கிவிடாமல் தாங்குவது எலெக்ட்ரான்களின் அழுத்தம். நிறை கூடக்கூட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. அழுத்தம் ஈடுகொடுக்க முடியாமற் போகிறது. கதிரவனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையிருந்தால் வெண்குறு மீன் நிலைக்காது என்று கண்டார்.

1935 ஜனவரி 11இல் இலண்டன் அரச வானியல் கழகத்தில் இதை எடுத்துரைத்தார். 1919 கிரகணத்தின்போது ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனின் புகழை நாட்டிய எடிங்டனே, அதே அவையில் அதனை மறுத்து எள்ளினார். இருபத்து நான்கு வயது இளைஞருக்கு அது எத்தகைய அடி! சந்திரசேகர் பூசலிட்டுக் காலத்தை வீணாக்கவில்லை. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகப் பணியேற்றார். 1939இல் விண்மீன் அமைப்பு பற்றிய நூலை வெளியிட்டு வேறு துறைகளுக்குச் சென்றார்.

பின்னாளில் பொதுச் சார்பியலுக்கு வந்தார். நியூட்டனுக்கு ஈர்ப்பின் மூலம் நிறை மட்டுமே. ஐன்ஸ்டைனுக்கோ நிறையும் ஆற்றலும் ஒன்று. ஆற்றலோடு அழுத்தமும் காலவெளியை வளைக்கும். தொண்டாமுத்தூர்ப் பாகற்பந்தலைத் தாங்கும் கல்தூணே பந்தலின் பாரத்தையும் கூட்டினால் என்னாகும்? விண்மீனுக்கு அந்த நிலைதான். தாங்கும் அழுத்தமே ஈர்ப்பையும் வளர்ப்பதால், நியூட்டன் கணக்கில் நிலைத்து நிற்கும் விண்மீனும் சரியக்கூடும் என்று 1964இல் நிறுவினார்.

1982இல் எடிங்டன் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றி, தம்மை மறுத்தவரின் பெருமையைப் போற்றினார். 1983இல் நோபெல் பரிசை வில்லியம் ஃபௌலருடன் பகிர்ந்துகொண்டார். 1995 ஆகஸ்ட் 21இல் மறைந்தார். 1999இல் விண்ணேறிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்குகிறது.

நண்பர்களே, பேரறிஞர் ஒருவரின் மறுப்பையே அவர் தாங்கினார். எனக்கு வந்தது ஒரு தாளின் மதிப்பெண் மட்டுந்தானே! அத்தாளை மீண்டும் எழுதியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. ஆயினும் சோமனூர் செல்லும் எண்ணம் எனக்கு இப்போது இல்லை.