எட்டு மணித்தியாலத்திற்காகப் போராடிய புளோரன்ஸ் கெலி

எட்டு மணித்தியால வேலைநாள் இன்று பலருக்கும் இயல்பானதொன்றாகத் தோன்றுகின்றது. ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பெண் தொழிலாளருக்குச் சட்டசபை வழங்கிய அவ்வுரிமையை நீதிமன்றமே நீக்கிய காலமொன்று இருந்தது. அத்தீர்ப்பினால் சோர்ந்துவிடாது, நீதிபதிகளின் பார்வையையே மாற்ற உழைத்தவர்களுள் முதன்மையானவர் புளோரன்ஸ் கெலி.

கெலி 1859 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் பிறந்தார். தந்தையார் நீண்டகாலம் காங்கிரஸ் உறுப்பினராக விளங்கியவர். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுச் சூரிச் சென்ற கெலி, சோஷலிசக் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு, இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலை பற்றி ஏங்கெல்ஸ் எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மணவாழ்வு கசந்த நிலையில், 1891 இன் இறுதியில் சிக்காகோ நகருக்கு வந்த அவருக்கு ஜேன் அடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் இல்லம் இடமளித்தது.

அவ்வில்லத்தைச் சூழவிருந்த குடியேற்றவாசிகளின் நெருக்கமான வீடுகளே தையற்கூடங்களாகவும் இருந்தன. தாய்மாருடன் சிறுவர்களும் அங்கு உழைத்தனர். இந்நிலையைக் கெலி ஆராய்ந்து வெளிப்படுத்தியமை 1893 ஆம் ஆண்டின் சட்டத்திற்கு வழிகோலியது. பதினான்கு வயதிற்குட்பட்டோரைத் தொழிற்சாலைகளில் அமர்த்துவதை அது தடைசெய்தது. பெண்களின் வேலைநேரத்தை எட்டு மணித்தியாலமாக வரையறுத்தது. ஆளுநர் அல்ட்கெல்ட், கெலியையே முதலாவது தலைமைத் தொழிற்சாலைப் பரிசோதகராக நியமித்தார். 1894 இல் பெரியம்மை பரவியபோது, நோய் கண்ட வீடுகளிலும் ஆடைகள் தைக்கப்படுவதை அவர் அம்பலப்படுத்தினார். ஆபத்து தொழிலாளருக்கு மாத்திரமன்றி, அவ்வாடைகளை வாங்கும் நகரவாசிகளுக்கும் உரியது என்பதை இதன்மூலம் உணர்த்தினார். வழக்குத் தொடர அரச தரப்புத் தயங்கியமையால், தாமே சட்டம் பயின்று பட்டமும் பெற்றார்.

மறுபுறம், தொழில்தருநர் சங்கமாகத் திரண்டு சட்டத்தை எதிர்த்தனர். காகிதப் பெட்டி உற்பத்தியாளரான ரிட்ச்சியின் வழக்கில், இலினோய் உயர் நீதிமன்றம் 1895 இல் எட்டு மணித்தியால விதியைச் செல்லுபடியற்றதாக்கியது. தம் உழைப்பு தொடர்பாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் பெண்களுக்கும் உண்டென்பதே அதற்கான காரணம். வேலையை இழக்க அஞ்சிய பெண்ணுக்கோ அச்சுதந்திரம் நீண்ட வேலைநாளாகவே அமைந்தது. சிறுவர் தொடர்பான விதிகள் மட்டும் தப்பின. 1897 இல் புதிய ஆளுநரின் கீழ் கெலி பதவியையும் இழந்தார்.

1899 இல் தேசிய நுகர்வோர் சங்கத்தின் பொதுச் செயலாளரான அவர், சட்டத்தை மதித்த தொழிற்சாலைகளின் ஆடைகளுக்கு வெள்ளை முத்திரை வழங்கச் செய்தார். பெண்களின் வேலைநேரத்தைப் பத்து மணித்தியாலமாக வரையறுத்த ஒரிகன் மாநிலச் சட்டத்தைச் சலவைச்சாலை உரிமையாளர் ஒருவர் எதிர்த்தபோது, கெலியும் ஜோசபின் கோல்ட்மார்க்கும் சட்டத்தரணி லூயிஸ் பிரண்டைஸை அணுகினர். சட்ட வாதத்தைச் சில பக்கங்களுக்குள் அடக்கி, நீண்ட வேலைநேரத்தின் பாதிப்புகளுக்கான சான்றுகளை நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் அவர் முன்வைத்தார். 1908 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏகமனதாக ஏற்றது. 1910 இல் இலினோய் நீதிமன்றமும் பெண்களுக்கான பத்து மணித்தியாலச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

எனினும் இவ்வெற்றி குறைபாடற்றதல்ல. பெண்கள் உடலால் மென்மையானவர்கள் என்ற வாதத்திலேயே அது தங்கியிருந்தது. பெண்கள் வாக்குரிமை பெற்றதைச் சுட்டிக்காட்டி, அவர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை 1923 இல் அதே உயர் நீதிமன்றம் நிராகரித்தது. 1932 இல் கெலி காலமானார். இருபாலாருக்குமான வேலைநேர வரையறையையும் குறைந்தபட்சச் சம்பளத்தையும் 1938 இன் சட்டம் கொண்டுவந்தது. 1941 இல் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

பாதகமான தீர்ப்பொன்றுடன் ஒதுங்கிவிடாது, வேலைத்தலத்தின் உண்மைகளைத் திரட்டி மீண்டும் நீதிமன்றத்தின் முன் வைப்பதே கெலி காட்டிச் சென்ற வழியாகும்.