புகைபோக்கி துடைத்த சிறுவன்

ஆண்டுதோறும் யூலை மாதத்தில் பிரான்சு நாட்டிலே மூன்று வாரம் நடைபெறும் சைக்கிளோட்டப் போட்டியை உலகம் அறியும். டூர் டி பிரான்ஸ் என்பது அதன் பெயர். இக்காலத்தில் அது 21 கட்டங்களாக நடைபெறுகின்றது. தொடக்கக் கட்டங்களைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மலையேறும் நாளே வெற்றியை முடிவுசெய்யும் என்பர். அப்போட்டியில் முதன்முதல் வாகை சூடியவரின் வரலாறோ வேறொன்று கூறுகின்றது. அவரை உயர்த்தியது முதற்கட்டம்; மறு ஆண்டில் அவர் பெயரில் மாசு படியத் தொடங்கியதும் அதே முதற்கட்டத்திலேதான். மோரிஸ் காரின் என்பது அவர் பெயர். துவிச்சக்கர வண்டியேறித் திருகோணமலைத் துறைமுக வீதிகளினூடே பள்ளிக்கு வரும் மாணாக்கரை மனத்திற் கொண்டே அவர் வரலாற்றை எழுதப் புகுந்தேன்.

காரின் 1871 ஆம் ஆண்டு மார்ச் 3 ஆம் நாள் இத்தாலியின் வடமேற்கு எல்லையில், அல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள ஆர்வியே என்னும் சிற்றூரிலே பிறந்தார். வறுமை அக்குடும்பத்தை மலை கடந்து பிரான்சுக்குச் செலுத்தியது. இளமையிலேயே அவர் புகைபோக்கி துடைக்கும் தொழிலில் அமர்ந்தார். அத்தொழில் நம் நாட்டார்க்குப் புதிது. குளிர் நாடுகளில் கணப்படுப்பின் புகை மேலே செல்வதற்குக் கூரைக்கு மேல்வரை செங்கற் குழாய் கட்டுவர். அதனுள்ளே படியும் கரியைச் சுரண்டுவதற்கு உடல் சிறுத்த பிள்ளைகளை ஏவுவது அக்கால வழக்கம். ஒரு பாற்கட்டிக்கு ஈடாகத் தந்தையார் மகனைக் கொடுத்துவிட்டார் என்றொரு கதையும் வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அக்குடும்பத்தின் வறுமை மெய்.

1889 இல் காரின் தமது முதல் துவிச்சக்கர வண்டியை வாங்கினார். சில ஆண்டுகளில் அதுவே அவர் பிழைப்பாயிற்று. பாரிசிலிருந்து ரூபே நகர் வரை நடைபெறும் கடும் போட்டியில் 1897 இலும் 1898 இலும் அவரே வென்றார். பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் ஓட்டத்தை 1901 இல் 52 மணிநேரத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடித்தார்.

அந்நாளில் லோட்டோ என்னும் விளையாட்டுப் பத்திரிகை, தன் போட்டிப் பத்திரிகையை வெல்ல வழி தேடிற்று. நாடு முழுவதையும் சுற்றி ஓர் ஓட்டம் நடத்தலாம் என்றார் ஜியோ லெபேவர் என்னும் இளம் எழுத்தாளர். ஆசிரியர் ஹென்றி டெகிராஞ்சு அதனை ஏற்றார். டூர் டி பிரான்ஸ் பிறந்தது இவ்வாறே.

1903 யூலை 1 ஆம் நாள் பிற்பகல் பாரிசை அடுத்த மொஞ்செரோன் என்னுமிடத்திலிருந்து 60 பேர் புறப்பட்டனர். லியோன் நகர் வரை செல்லும் முதற்கட்டத்தின் நீளம் 467 கிலோமீற்றர். இதன் அளவை நம்மூர் வழியில் வைத்து நோக்குவோம். திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்குச் சென்று, உறங்காது திரும்பி, ஹபறணையைக் கடந்து கந்தளாயை நெருங்கும் வரை மிதித்தால் அம்முதற்கட்டம் முடியும். அவ்வழியிலே யானை குறுக்கிடும் காட்டிருளை அறிந்தவர், இரவு முழுதும் மிதிப்பது எத்தகையது என்பதை உணர்வர். அக்காலத்து வண்டிகள் பாரமானவை. வண்டி பழுதுற்றால் ஓட்டுபவரே திருத்தல் வேண்டும்.

மறுநாட் காலை ஒன்பது மணியளவில் காரின் லியோனை அடைந்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே 55 விநாடியே வேறுபாடு. ஆயினும் அன்று பெற்ற முதலிடத்தை இறுதிவரை அவர் இழக்கவில்லை. ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீற்றர். யூலை 19 ஆம் நாள் பாரிசு திரும்பியோர் 21 பேர். அடுத்தவரை மூன்று மணிநேரத்திற்குச் சற்றுக் குறைந்த காலத்தால் அவர் வென்றார். இத்துணைப் பெரிய இடைவெளி பின்னர் எந்த ஆண்டிலும் நேர்ந்ததில்லை.

1904 ஆம் ஆண்டும் அதே வழி, அதே முதற்கட்டம். முகமூடி அணிந்தோர் மோட்டார் வண்டியில் வந்து காரினைத் தாக்கினர். விதிக்கு மாறாக அவர் உணவு பெற்றார் என்ற குற்றச்சாட்டும் அக்கட்டத்திலேயே எழுந்தது. இரண்டாம் கட்டத்தில், செந்தெத்தியேன் நகரை அடுத்த மலைவழியில், உள்ளூர் வீரரின் ஆதரவாளர் தம்மவரைப் போகவிட்டு, ஏனையோரைத் தடிகொண்டு அடித்தனர். துப்பாக்கி வெடித்த பின்னரே கூட்டம் கலைந்தது. காயமுற்ற காரின் இறுதியில் முதல்வராகவே பாரிசு சேர்ந்தார். ஆயின் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுச் சைக்கிளோட்டச் சங்கம் முதல் நால்வரையும் நீக்கிற்று. ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே என்னும் 19 வயது இளைஞர் வெற்றியாளரானார். காரினுக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது.

முதற்கோணல் முற்றுங்கோணல் என்பது நம் பழமொழி. 1904 ஆம் ஆண்டின் ஓட்டத்திற்கு அது முற்றும் பொருந்தும். காரினுடைய வாழ்வுக்கு அது பொருந்துமோ? 1911 இல், தம் நாற்பதாம் வயதில், பாரிசு–பிரெஸ்ட் ஓட்டத்தில் மீண்டும் இறங்கிப் பத்தாவதாக வந்தார். பின்னர் லென்ஸ் நகரில் மோட்டார் வண்டித் திருத்தகம் நடத்தி அமைதியாக வாழ்ந்தார். 1957 பெப்ரவரி 19 ஆம் நாள், 85 ஆம் வயதில், அங்கேயே காலமானார். 1903 ஆம் ஆண்டின் வெற்றி இன்றும் அவர் பெயரிலேயே நிற்கின்றது.

பிள்ளைகளுக்கு வாழ்க்கை வரலாறு கற்பிக்கும்போது குற்றத்தை மறைத்தல் நன்று என்பார் உளர். குற்றப்பட்டவரைப் பற்றிப் பேசவே வேண்டா என்பாரும் உளர். இரண்டையும் நான் ஏற்கிலேன். கரிக்குழாயில் ஏறிய சிறுவன் நாடறிய உயர்ந்தமையும் மெய். விதி மீறியதற்குத் தண்டனை பெற்றமையும் மெய். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்தல் ஆகாது.

மலைவழியிலே தடியேந்திய கூட்டத்தையும் மாணாக்கர் அறிதல் வேண்டும். தம்மூரான் வெல்லவேண்டும் என்னும் ஆசை தவறன்று. அயலூரான் வீழவேண்டும் என்று அது திரியும்போதே தீமையாகின்றது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அயலவராக வாழும் எம் மாவட்டத்தில், பிள்ளைகளை மைதானத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் இதனை முதலிலேயே சொல்லிவைத்தல் நலம். கொடி அசைந்து ஓட்டம் தொடங்கிய பின்னர் இப்பாடத்தைக் கேட்பார் இலர்.