முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 – சூலை 22, 1968) தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர் ஆவார். முத்துலெட்சுமி ரெட்டி எனவும் இவர் பெயர் எழுதப்படுவதுண்டு. பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் இவரே. தேவதாசி முறை ஒழிப்புக்காக இவர் நடத்திய போராட்டம் பரவலாக அறியப்பட்டது. பொதுமக்களிடம் நிதி திரட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியது இவருடைய வாழ்வின் மற்றொரு பெரும்பணியாகும். இந்தியாவில் குழந்தைகளின் புற்றுநோய்க்குத் தனிக் கவனம் கொடுத்த முன்னோடி நிறுவனங்களுள் இம்மருத்துவமனையும் ஒன்று.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராசா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். இத்திருமணத்தால் நாராயணசாமி ஐயர் தம் உறவினர்களின் பகைமைக்கு ஆளானார். தாய்வழிக் குடும்பத்தின் வாழ்க்கையைச் சிறு வயதிலிருந்தே அறிந்திருந்த முத்துலட்சுமி, பெண் குழந்தைகள் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் வழக்கத்தின் விளைவுகளையும் நன்கு உணர்ந்திருந்தார்.

அக்காலத்தில் பெண்கள் பருவமெய்திய பின் பள்ளிக்குச் செல்வது வழக்கமில்லை. எனவே முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். பின்னர் ஆண்கள் மட்டுமே படித்த மகாராசா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி வழங்கினார்.

மருத்துவக் கல்வி

1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் இவரும் ஒருவர். எழும்பூரில் உள்ள பெண்கள், குழந்தைகள் அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார்.

1914 ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமானவராக நடத்த வேண்டும் என்றும் தம் பணிகளுக்குத் தடை விதிக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்ட பின்னரே இவர் திருமணத்துக்கு இசைந்தார். இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள் பிறந்தனர்.

சட்டமன்றப் பணிகள்

1926 ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முத்துலட்சுமி, 1927 ஆம் ஆண்டு அதன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அதே ஆண்டில் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி உள்ளிட்ட பலர் இதனை எதிர்த்தனர். கோயில் மானிய நிலங்களைத் தேவதாசிகளின் சேவைக் கடமையிலிருந்து விடுவிக்கும் சட்டத்திருத்தம் 1929 ஆம் ஆண்டு நிறைவேறியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முழுமையாகத் தடை செய்யும் சட்டம் 1947 ஆம் ஆண்டுதான் வந்தது.

பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்காகவும் இவர் குரல் கொடுத்தார். 1930 ஆம் ஆண்டு உப்பு சத்தியாக்கிரகத்தின்போது மகாத்மா காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகினார். அக்காலகட்டத்தில் தம் வீட்டை நாடி வந்த ஆதரவற்ற சிறுமிகளுக்காக இவர் தொடங்கிய அவ்வை இல்லம், பின்னர் அடையாறில் பள்ளியுடன் கூடிய நிறுவனமாக வளர்ந்தது. இந்திய மாதர் சங்கத்தின் தலைவராகவும், அச்சங்கத்தின் ஸ்திரீ தர்மம் இதழின் ஆசிரியராகவும் இவர் பணியாற்றினார்.

புற்றுநோய் ஒழிப்புப் பணி

1920களின் முற்பகுதியில் முத்துலட்சுமியின் தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். தாமே மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலாமற்போனது இவரை ஆழமாகப் பாதித்தது. 1925 ஆம் ஆண்டு பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, இலண்டனில் புற்றுநோய்க்கெனத் தனியே இயங்கிய மருத்துவமனையின் பணிகளை நேரில் கண்டார். சென்னையிலும் அத்தகைய மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் இவருக்கு உறுதிப்பட்டது.

1935 ஆம் ஆண்டு நடைபெற்ற சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இவ்விருப்பத்தை வெளிப்படையாக அறிவித்தார். எனினும் அதற்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. அந்நாளில் நோய் முற்றிய நிலையிலேயே பெரும்பாலான நோயாளிகள் மருத்துவரிடம் வந்தனர். எனவே புற்றுநோய் என்றாலே மரணம் என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றி அரசு வட்டாரங்களிலும் நிலவியது. இறக்கப்போகும் நோயாளிகளுக்காகத் தனி மருத்துவமனை எதற்கு என்ற கேள்வி எழுந்ததைப் பின்னாளில் டாக்டர் வி. சாந்தா பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

புற்றுநோய் நிவாரண நிதி

அரசின் உதவிக்காகக் காத்திராமல், 1949 ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 63. சங்க உறுப்பினர்களான பெண்களும் மருத்துவர்களும் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டுச் சென்றனர். பெருந்தொகை வழங்கிய செல்வர்களும், சிறுதொகை வழங்கிய எளியவர்களும் இந்நிதிக்கு உதவினர். புற்றுநோய் தொற்றுநோய் அன்று என்பதையும், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்த வாய்ப்பு உண்டு என்பதையும் அப்போதே மக்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஆதலின் நிதி திரட்டும் பணி நோய் விழிப்புணர்வுப் பணியாகவும் அமைந்தது.

1952 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரதமர் ஜவகர்லால் நேரு அடையாறில் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு சூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. முத்துலட்சுமியின் இளைய மகனும் அறுவை மருத்துவருமான டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இதன் பொறுப்பை ஏற்றார். 1955 ஆம் ஆண்டு டாக்டர் வி. சாந்தா அரசுப் பணி வாய்ப்பை விடுத்து இங்கு சேர்ந்தார். இவ்விருவரும் தம் வாழ்நாள் முழுவதையும் இந்நிறுவனத்துக்கே அளித்தனர்.

1957 ஆம் ஆண்டு கனடாவில் உருவாக்கப்பட்ட கோபால்ட்-60 கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி இங்கு நிறுவப்பட்டது. ஆசியாவில் பயன்பாட்டுக்கு வந்த முதல் கோபால்ட் கருவிகளுள் இதுவும் ஒன்று. உலகிலேயே முதன்முதலாக இவ்வகைக் கருவியால் நோயாளி ஒருவருக்குக் கனடாவில் சிகிச்சை அளிக்கப்பட்டது 1951 ஆம் ஆண்டில்தான். ஆறே ஆண்டுகளில் அச்சிகிச்சை சென்னை ஏழைகளுக்கும் கிட்டியது.

குழந்தைகளும் புற்றுநோயும்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்கள் பெரியவர்களுக்கு வருவனவற்றினின்று வேறுபட்டவை. இரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டிகள், நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய், விழித்திரைக் கட்டி, சிறுநீரகக் கட்டி, எலும்புப் புற்றுநோய் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. புகையிலை போன்ற பழக்கங்கள் இவற்றுக்குக் காரணம் அல்ல. அடையாறு மருத்துவமனையில் 1960களிலேயே குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. அப்போது இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் பிழைத்தோர் மிகச் சிலரே. பல மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறை வளர்ந்தபின் நிலைமை மாறியது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் தீவிர நிணநீர் இரத்தப் புற்றுநோய், முழுமையான சிகிச்சை பெறும் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குணமாகக்கூடிய நோயாக மாறியுள்ளது.

ஆனால் இச்சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி போன்ற ஊர்களிலிருந்து சென்னைக்கு வரும் பெற்றோர் ஒவ்வொரு முறையும் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். கூலி வேலை செய்வோருக்கு மருந்துச் செலவோடு பயணச் செலவு, தங்கும் செலவு, இழந்த கூலி ஆகியவையும் சுமையாகின்றன. குழந்தை சற்றுத் தேறியதும் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு. அவ்வாறு நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். 2009 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் சிகிச்சைக் கட்டணத்தின் சுமையைக் குறைத்துள்ளன. ஏனைய செலவுகளுக்குப் பொதுமக்களின் நன்கொடை தொடர்ந்து தேவைப்படுகிறது.

நிதி திரட்டும் மரபின் தொடர்ச்சி

முத்துலட்சுமி கையாண்ட வழி, பலரிடம் சிறிது சிறிதாகப் பெற்றுப் பெரும்பணியை முடிப்பதாகும். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கனடாவில் டெரி பாக்ஸ் என்னும் இளைஞர் இதே வழியை விளையாட்டின் மூலம் மேற்கொண்டார். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்த அவர், மருத்துவமனையில் தம்முடன் இருந்த குழந்தைகளின் துன்பத்தைக் கண்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நாடு முழுவதும் ஓட முடிவு செய்தார். 1980 ஏப்ரல் 12 அன்று தொடங்கிச் செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்திய அவர், 1981 சூன் 28 அன்று தமது 22 ஆம் வயதில் இறந்தார். கனடிய மக்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் பெறுவதே அவருடைய இலக்காக இருந்தது. அவர் உயிருடன் இருந்தபோதே அவ்விலக்கு எட்டப்பட்டது.

டெரி பாக்ஸ் பெயரிலான ஓட்டம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் மாணவர்கள் இவ்வோட்டத்தை நடத்தியுள்ளனர். அடையாறு மருத்துவமனை அவ்வளாகத்துக்கு மிக அருகில் உள்ளது. இத்தகைய ஓட்டங்களில் வெற்றி தோல்வி கிடையாது. சிறுவர்களும் முதியவர்களும் தத்தம் வேகத்தில் ஓடவோ நடக்கவோ செய்கின்றனர். வீடு வீடாகச் சென்று நன்கொடை கேட்ட மாதர் சங்கத்தாரின் பணியும், சாலையில் ஓடி நிதி திரட்டும் இளைஞர்களின் பணியும் வடிவத்தால் வேறுபட்டாலும் நோக்கத்தால் ஒன்றே.

விருதுகளும் மறைவும்

1954 ஆம் ஆண்டு மாநில சமூக நல வாரியத்தின் முதல் தலைவராக முத்துலட்சுமி பொறுப்பேற்றார். 1956 ஆம் ஆண்டு இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. 1968 ஆம் ஆண்டு சூலை 22 அன்று, 82 ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில் சென்னையில் காலமானார்.

நினைவு

ஏழைக் கருவுற்ற பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இதனால் ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவர் பெயர் நன்கு அறியப்பட்டது. 2019 ஆம் ஆண்டு இவருடைய 133 ஆம் பிறந்தநாளில் கூகிள் நிறுவனம் தன் முகப்பில் இவர் ஓவியத்தை வெளியிட்டது.

12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை 1975 ஆம் ஆண்டு மண்டலப் புற்றுநோய் மையமாக அறிவிக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு இங்கு தொடங்கியது. டாக்டர் சாந்தா 2005 ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010 ஆம் ஆண்டும், டாக்டர் சாந்தா 2021 ஆம் ஆண்டும் மறைந்தனர். பணம் இல்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற முத்துலட்சுமியின் கொள்கைப்படி, இங்கு வரும் நோயாளிகளுள் பெரும்பாலோர் இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை பெறுகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை
வி. சாந்தா
அவ்வை இல்லம்
டெரி பாக்ஸ்