இராமன் கண்ட முகடுகள்

திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர் சி.வி. இராமனின் வரலாற்றை 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசோடு முடித்துவிடுவது நம் வழக்கம். அவர் தோற்ற வாதமும் அறியத்தக்கதே.

1940களில் பெங்களூரில், வைரம் சிதறடித்த ஒளியின் நிறமாலையில் கூரிய முகடுகள் புலப்பட்டன. படிகம் தனித்தனியான சில அதிர்வெண்களில் மட்டுமே அதிர்கிறது என்றார் இராமன். செர்மானிய அறிஞர் மாக்சு போர்னின் கோட்பாடோ அதிர்வெண்கள் இடையறாது தொடர்வன என்றது. வாதம் கசந்தது.

பெல்சிய அறிஞர் வான் ஹோவ் 1953இல் விடை தந்தார். அதிர்வெண்ணைக் குறிக்கும் சார்பினை மலைத்தொடராகக் கருதுவோம். சிலமலையிலிருந்து ஏலமலையை நோக்குவோர் அறிவர்: இரு சிகரங்கள் உயர்ந்தால் இடையே கணவாய் ஒன்று அமையும். சிகரம், பள்ளம், கணவாய் மூன்றிலும் சரிவு சுழியமாகும். இவையே மாறுநிலைப் புள்ளிகள். அங்கே அதிர்வெண்கள் செறிவதால், தொடர்ச்சியான நிறமாலையிலும் கூரிய மாற்றங்கள் எழும்.

ஆக, பெங்களூரில் கண்ட முகடுகள் மெய். இராமன் உரைத்த காரணமே பொருந்தவில்லை. எனினும் 1970இல் மறையும்வரை அவர் தம் கொள்கையைக் கைவிட்டாரில்லை. கண்ட காட்சியைக் காத்துக்கொண்டு, கொண்ட கருத்தை மட்டும் மாற்றிக்கொள்வது பேரறிஞர்க்கும் அரிது. கவிபாடும் நாமும் இதனை நெஞ்சிற்கொள்வோமாக.