எக்ஸாமைத் தவிர்க்க எழுதிய கட்டுரை... இன்று ஈசிஜி பேட்ச்சின் பேட்டரியைக் காக்குது! யார் இந்த ஹஃப்மேன்?

நெஞ்சில் ஒட்டும் வயர்லெஸ் ஈசிஜி பேட்ச்சில் சார்ஜை அதிகம் காலி பண்ணுவது பெரும்பாலும் ரேடியோதான். அனுப்பும் டேட்டா குறைந்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். அதற்கு உதவும் ஒரு வழியைக் கண்டுபிடித்தவர் டேவிட் ஹஃப்மேன்.

1925-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்தவர். 1951-ல் எம்.ஐ.டி-யில் ஆராய்ச்சி மாணவர். ஃபைனல் எக்ஸாமா, கட்டுரையா என்பதை மாணவர்களிடமே விட்டார் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ. ஹஃப்மேன் கட்டுரை பக்கம் போனார். தகவலை மிகக் குறைந்த பிட்டுகளில் எழுதுவது எப்படி என்பதுதான் தலைப்பு. ஃபானோவுக்கே அது பிடிபடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் முட்டி மோதி, எக்ஸாமே எழுதிடலாம் என்று குறிப்புகளைக் குப்பையில் போட்டபோதுதான் பொறி தட்டியது.

அடிக்கடி வருவதற்குச் சின்ன கோட், அரிதாக வருவதற்கு நீள கோட். இருப்பதிலேயே அரிதான இரண்டை முதலில் சேர்த்து, அடியிலிருந்து மேலே கட்டிக்கொண்டு போகணும். 1952-ல் வெளியானது.

ஈசிஜியில் அடுத்தடுத்த அளவுகள் பெரும்பாலும் அதிகம் மாறாது. வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் சின்ன எண்களே அடிக்கடி வரும். அவற்றுக்குச் சின்ன கோட் போதும். டேட்டா சுருங்கும், ஆனால் பதிவான ஒரு துடிப்பும் தொலையாது.

1999-ல் புற்றுநோயால் மறைந்த ஹஃப்மேன், இதற்குப் பேடன்ட் வாங்கவே இல்லை.