கலாயோகி கண்ட அழகு

நம் வீட்டு அடுக்களையிலே தொங்கும் ஓலைப்பெட்டியை நாம் எத்தனை முறை உற்று நோக்கியிருப்போம்? எடுப்போம், வைப்போம், பழுதானால் அடுப்பில் இடுவோம். அதனிடத்து அழகுண்டோ என வினவுவாரைக் கண்டு நகைப்போம். அவ்வினாவை வினவி, அதற்கு விடை காண்பதிலே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள்.

சட்டநிரூபண சபையில் அங்கத்துவம் வகித்த சேர் முத்துக்குமாரசுவாமி அவர்களுக்கும் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாதரசிக்கும் மைந்தராக, 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையாரை இழந்தார். இங்கிலாந்திலே தாயாரிடம் வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார்.

1903இல் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதிக்குப் பணிப்பாளரானார். கல் பார்த்தலே அவர் தொழில். ஆற்று மணலிலே பிறர் மிதித்துச் செல்லும் கரிய, கனத்த சிறு படிகமொன்று அவர் கண்ணுக்குப் புதியதாய்த் தோன்றும். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904இல் உலகறியச் செய்தது இத்தகைய பார்வையே. சிறியதென்று எதனையும் தள்ளாத கண் அது.

கல்லைத் தேடி ஊரூராய் நடந்தவர், போகும் வழியிலே மட்பாண்டத்தைக் கண்டார். தும்பறைப் பாயைக் கண்டார். கொல்லன் அடித்த பாக்குவெட்டியையும் சுண்ணாம்புக் கரண்டகத்தையும் கண்டார். கல்லிலே பழகிய கண் இவற்றின்மேலும் அவ்வாறே படிந்தது. எந்தப் பொருளால் ஆயது, யார் கை செய்தது, எதற்காகச் செய்தது என்று பொறுமையோடு ஆராய்ந்தார். அவர்தம் மனைவியார் எதெல் அவற்றை நிழற்படம் பிடித்தார். அவ்வூரிலே பிறந்து அவற்றையே புழங்கியவர்களோ, கப்பலில் வந்திறங்கிய மலிவுச் சரக்குக்காக அவற்றைக் கைவிட்டுக்கொண்டிருந்தனர். கையருகே கிடப்பது கண்ணுக்குத் தெரியாமற்போவது விந்தையே. கடல் கடந்து வளர்ந்து மீண்டமையாலேதான் அவருக்கு அது தெரிந்தது போலும்.

அக்காட்சியின் பயனாய் விளைந்தது இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். வில்லியம் மொறிஸ் சோசரின் நூலை அச்சிட்ட அதே அச்சுப்பொறியிலே, தம் மேற்பார்வையில், 1907 முதல் 1908 வரை பதினைந்து மாத அளவில் 425 பிரதிகளே அச்சிட்டார். பாண்டத்தைப் பற்றிய நூலும் பாண்டம்போலக் கையால் உருவாகவேண்டுமென்று கருதியிருப்பார்.

இவ்வரலாற்றை வகுப்பிலே கூறி, வீட்டிலிருந்து அழகிய பொருள் ஒன்று கொண்டுவாருங்கள் என்று மாணவரைப் பணித்தேன். பெரும்பாலோர் கடையில் வாங்கிய வர்ணப் படங்களையும் பிளாத்திக்குப் பூக்களையும் கொணர்ந்தனர். ஒருவன் மாத்திரம் பாட்டியாரின் நீத்துப்பெட்டியைக் கொண்டுவந்து, வெட்கத்தோடு மேசைக்குக் கீழே மறைத்து வைத்திருந்தான். அதனை எடுத்து, ஓலை எவ்விடத்தில் மடிந்து எவ்விடத்தில் ஏறுகின்றது என்று பார்க்கச் சொன்னேன். அரைமணி நேரம் வகுப்பில் ஓசையில்லை.

செல்வக்குடியிற் பிறந்தவர் பானையின் அழகைப் பேசுதல் எளிது, வனைபவனுக்கு அவ்வழகு சோறிடுமா என்று மற்றொருவன் கேட்டான். நேர்மையான கேள்வி. கண்டியரசர் காலத்திலே கைவினைஞருக்கு ஊழியத்தின் பொருட்டு நிலம் விடப்பட்டிருந்த முறையைக் குமாரசுவாமி அவர்கள் விரிவாக எழுதியுள்ளமையை எடுத்துரைத்தேன். வாழ்வு குலைந்தால் வனப்பும் குலையும் என்பது அவர் அறியாததன்று. ஆயினும் அம்மாணவனுக்கு நான் கூறிய விடை நிறைவானதென்று சொல்லமாட்டேன்.

1917இல் அமெரிக்காவிலே பொஸ்தன் நகர நுண்கலை நூதனசாலையிற் சேர்ந்து, முப்பதாண்டு அங்கே பணிபுரிந்தார். சிவநடனம் பற்றிய அவர் நூல் 1918இல் வெளிவந்தது. அதனை அறியாதார் நம்முட் சிலரே. கண்ணாடிப் பேழைகளுக்கிடையே வாழ்ந்தும், அப்பொருள்கள் பேழைக்கென்று செய்யப்பட்டவையல்ல, உண்ணவும் உடுக்கவும் வணங்கவும் செய்யப்பட்டவை என்பதையே ஓயாது வலியுறுத்தினார். எழுபதாம் வயதில் பணியினின்று நீங்கி இந்தியாவுக்குத் திரும்பி, இமயச் சாரலிலே அமைதியாய் வாழ எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறுமுன், 1947ஆம் ஆண்டு செப்தெம்பர் 9ஆம் திகதி, பொஸ்தனை அடுத்த நீடம் என்னும் ஊரில் உள்ள தம் இல்லத்திலே காலமானார்.

அந்த நீத்துப்பெட்டி இப்பொழுதும் அம்மாணவன் வீட்டிலே புட்டு அவிக்கப் பயன்படுகின்றதாம்.